பொதுமக்கள் பார்வைக்கு

இதில் வரும் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. குடிக்கிற தண்ணீர் மேல் சத்தியம், உட்கார்ந்திருக்கிற நாற்காலி மேல் சத்தியம். நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். அதன் மேல் உட்கார்ந்துகொண்டு பொய்ச் சத்தியம் செய்கிற துணிச்சல் யாருக்கும் வராது.

பிழைப்புக்காகவும் உயிருக்குப் பயந்தும் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு உதவி செய்கிற சங்கம் அது. ஓர் அறை, இரண்டு மேசை, தெருவைப் பார்த்த ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல், ஜன்னலடியில் தொட்டியில் ஒரு கொடி. அதன் செயலாளரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் விழுந்த கிழவர்கள்கூட அக்கா என்பார்கள். முதலில் அக்காவுக்குச் சுருக்கென்று இருந்தது; அப்புறம் அதுவே பெயராகிப் போனது.

குடியேற்ற அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தைப் படித்துச் சொல்வது, விண்ணப்பத்தை நிரப்பித் தருவது, துணைக்கு வரிசையில் நிற்பது, இதெல்லாம் அக்காவின் வேலை. படுக்க இடம் கேட்டு வருகிறவர்களுக்குத்தான் அவளிடம் ஒன்றும் இல்லை. அவர்களுக்கென்று ஒரே ஒரு வாக்கியம் வைத்திருந்தாள்: "மீன் சந்தைக்குப் பின்னால, பச்சை கேட்டு, மணி அடிச்சா திறப்பாங்க." அது வேறு யாரோ நடத்தும் பழைய காப்பகம். டாக்டர்கள் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்வதுபோல, யோசிக்காமல், எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்க்காமலேகூட அதைச் சொல்லிவிடுவாள். ஒரு முறை தூக்கத்தில் சொல்லி, பக்கத்தில் படுத்திருந்த கணவர் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சங்கத்துக்கென்று வெளியில் ஓர் அறை மட்டும் இருந்தது. சலவைக் கடைக்கு மேலே, சாய்வான கூரையின் கீழ். அதில் ஒரு தையல்காரியும் அவளுடைய சின்ன மகளும் இருந்தார்கள். அடிக்கிற புருஷனிடமிருந்து கைமெஷினை ஒரு கையிலும் குழந்தையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு எல்லை தாண்டி வந்தவள். குழந்தையை மீட்டுக்கொண்டு போக அவன் தன் அண்ணனை அனுப்பியிருக்கிறான் என்று செய்தி வந்திருந்தது. தையல்காரியின் மனு இன்னும் விசாரணையில் இருந்தது. தீர்ப்பு வரும்வரை அவள் ஊரை விட்டு நகரக் கூடாது. ஆக, அந்த அறை யாருக்கும் தெரியாமல் இருக்கிறவரைதான் குழந்தை அவளிடம் இருக்கும். இது அக்காவுக்குத் தெரியும். அவளுடைய அத்தானுக்குத் தெரியும். கீழே சலவைக்காரருக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

பகலில் வேலை இல்லாதபோது தையல்காரி என்ன செய்வதென்று கேட்டாள். ஊர் பாஷையைக் கற்றுக்கொள், கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் படி என்று அக்கா சொல்லியிருந்தாள். நல்ல யோசனைதான்.

அப்போதுதான் விதி வந்தது. வந்தேறிகளுக்கு உதவுகிற சங்கம் எதுவானாலும் தன்னைப் பற்றிய எல்லாவற்றையும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். யார் கொடுக்கிறார்கள், யார் வாங்குகிறார்கள், எந்தெந்த இடத்தைப் பயன்படுத்துகிறார்கள், முழு விலாசத்தோடு. தெருவில் நிற்பவர் படிக்கும்படி ஒட்ட வேண்டும். நாய் வளர்ப்போர் சங்கத்துக்கு இந்த விதி இல்லை. பட்டம் விடுவோர் சங்கத்துக்கும் இல்லை.

முதல் தாளில், மீந்த ரொட்டியைத் தினமும் கொடுத்துவந்த பக்கத்துக் கடைக்காரம்மாவின் பெயர் ஏறியது. மறுநாள் காலை அவர் கடைக் கண்ணாடியில் கல் விழுந்தது. அதற்கு மறுநாள் ரொட்டி நின்றது. அந்தம்மா கோபப்படவில்லை, அக்காவைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கமாக நடக்க ஆரம்பித்தார், அவ்வளவுதான். தையல்காரிக்கு வேறு அறை தேடலாம் என்றால், வீட்டுக்காரர் பெயரும் கண்ணாடியில் ஏறும் என்றதும் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் திடீரென்று வெளியூரிலிருந்து மச்சினன் வந்துவிட்டான்.

சங்கத்தின் தலைவர் அக்காவின் அத்தான். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யாருடைய பேரைச் சொன்னாலும் அவருக்குப் பல்தான் ஞாபகம் வரும்.

"அத்தான், அந்த ரூம் விலாசத்தைப் போடலைன்னா என்ன செய்வாங்க?"

"சங்கத்தை மூடுவாங்க. மூடினா ரூமும் போச்சு, அவ மனுவும் போச்சு. நான் வீட்டுல உக்காந்து உங்கக்கா பேச்சைக் கேக்கணும்."

"போட்டா அந்தக் குழந்தை போயிடும்."

அத்தான் நாக்கால் தன் கடைவாய்ப் பல்லைத் துழாவினார். அவருக்கு யோசனை அங்கிருந்துதான் வரும். "வாய் நிறைய பல்லு இருக்கறவன்கிட்ட ஒரு சொத்தையை யாரும்மா பாக்கறா? எல்லாத்தையும் போடு. ஒண்ணு விடாதே. அதுக்கு நடுவுல இதையும் போடு."

இருபது வருஷமாகத் தாள்களோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்குத்தான் இப்படித் தோன்றும். எவ்வளவு அதிகமாக எழுதியிருக்கிறதோ அவ்வளவு குறைவாக மனிதர்கள் படிப்பார்கள் என்பது அவர்கள் கண்கூடாகக் கண்டது. ஆகவே எல்லாவற்றையும் போட்டார்கள். நாற்காலிகளின் கால்கள், அவற்றில் ஆடுகிறவை, ஆடாதவை. பூனைக்கு வைத்த பால், பூனை குடிக்காமல் விட்ட பால். அத்தானின் ரத்த அழுத்தம், உட்கார்ந்த நிலையிலும் நின்ற நிலையிலும். நாற்காலிக் கால்களுக்கும் பூனைப் பாலுக்கும் நடுவில் ஒரு வரி: சலவைக் கடைக்கு மேல் மாடி அறை, தங்குமிடமாகப் பயன்படுத்தப்படுகிறது; கூடவே தெரு, கதவு எண்.

ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் ஓர் அளவுகோல். அவர் படிப்பதில்லை, தாள்களின் தடிமனை அளந்து குறித்துக்கொள்வார். எல்லாம் திருப்தி, ஒன்றைத் தவிர. பசை எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அத்தான் வீட்டு மைதா என்றாள் அக்கா. அப்படியானால் அது நன்கொடை, அதையும் ஒட்டுங்கள் என்றார். ஒட்டினார்கள். அந்தத் தாளை ஒட்டிய பசை? அதற்கும் ஒரு தாள். அதை ஒட்டிய பசைக்கு இன்னொன்று. மைதாவை அளக்கிற கரண்டி தேய்ந்து தட்டையானது. கடைசியில் ஒரு நாள் அத்தான் தாளை எச்சில் தொட்டு ஒட்டினார். எச்சிலைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. ஆய்வாளர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, அன்புக்குரிய யாரையோ வழியனுப்புவதுபோலத் தலையாட்டினார்.

ஜன்னல் நிறைந்தது, கதவு நிறைந்தது, சுவர் நிறைந்து அடுத்த வீட்டுச் சுவருக்குப் போனது. அந்த வீட்டுக்காரி குளிருக்குக் கணப்பு போடுவதையே நிறுத்திவிட்டாள். தாள்களின் கதகதப்பு போதுமாக இருந்தது. காற்றில் பிய்ந்த ஒரு தாள் பஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியது. ஆய்வாளர் அதைச் சிறப்பு முயற்சி என்று பாராட்டினார். உள்ளே பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியிருந்தது. தொட்டியில் இருந்த கொடி வெளிச்சம் தேடி நீண்டு நீண்டு, சாவித் துவாரத்தின் வழியாகத் தெருவில் ஓர் இலை விட்டது. புதிதாக வருகிறவர்கள் அந்த இலையை வைத்துத்தான் கதவு எங்கே என்று கண்டுபிடித்தார்கள். உள்ளேயிருந்து பார்த்தால் வெளியே யார் நிற்கிறார், என்ன செய்கிறார் என்று எதுவும் தெரியாது. கதவின் அடியில் செருப்புகளின் நிழல் மட்டும் வந்து நிற்கும், போகும். சில காலைகளில் ஒரு பெரிய ஜோடியும் பக்கத்தில் ஒரு குட்டி ஜோடியும் வெகுநேரம் நிற்கும். அக்காவுக்குத் தலைக்கு மேல் வேலை, எழுந்து பார்க்கவில்லை.

அப்படித்தான் ஒரு நாள் கதவடியில் பெரிய பூட்ஸ் நிழல் வந்து நின்றது. கதவு திறந்தது. வந்தவர் முதலில் தொப்பியைக் கழற்றினார். அப்புறம்தான் உள்ளே கால் வைத்தார். ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர் என்பது ஊறிப்போன விரல்களில் தெரிந்தது.

"வெளிய ஒட்டியிருக்கறத யாரு வேணும்னாலும் பாக்கலாமாமே. எனக்கு எழுத்து தெரியாதுக்கா. கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

எதைப் பற்றி என்று அக்கா கேட்டாள்.

"தம்பி பொண்டாட்டியத் தேடறேன். குழந்தையோட வந்துட்டா."

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். ஆடுகிற நாற்காலி அது.

படிக்கத் தெரியாதவர் கேட்டால் படித்துக் காட்ட வேண்டும் என்று விதியில் இருந்தது. அதை விதியில் சேர்க்கச் சொல்லி வருஷக்கணக்கில் மனுப் போட்டவளே அக்காதான். அரசு அலுவலகங்களுக்காக அவள் கேட்டாள். அரசு யோசித்துப் பார்த்து, அலுவலகங்களை விட்டுவிட்டுச் சங்கங்களுக்கு மட்டும் அதைக் கொடுத்தது. மறுத்தால் மூடிவிடுவார்கள். மாற்றிப் படித்தாலும் மூடிவிடுவார்கள்.

அக்கா வெளியே போய்க் கதவோரத்துத் தாளிலிருந்து ஆரம்பித்தாள், அதாவது பசையிலிருந்து. எவ்வளவு மெதுவாகப் படிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாகப் படித்தாள். நாளுக்கு ஒரு தாள் என்று வைத்துக்கொண்டு, மனுவின் தீர்ப்பு வருகிறவரை இழுத்துவிடலாம் என்பது அவள் கணக்கு. தையல்காரியிடம் விஷயத்தைச் சொன்னால் பயந்துபோய் எங்காவது ஓடுவாள், ஓடினால் மனு தள்ளுபடி. நேரில் போனாலோ தொப்பிக்காரர் பின்னாலேயே வரலாம். ஆகவே சலவைக்காரருக்குப் போன் செய்து, சங்கத்தில் வெள்ளையடிக்கிறார்கள், கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று மேலே சொல்லச் சொன்னாள்.

தொப்பிக்காரர் பொறுமைசாலி. வேலை முடிந்து தினமும் ஒரு முக்காலியோடு வருவார். அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று மிட்டாய் வாங்கி வந்தார். மழையில் அவள் தலைக்கு மேல் குடை பிடித்தார். அவர் முழுக்க நனைந்தார். அத்தானின் ரத்த அழுத்தத்தைக் கேட்டுவிட்டு உண்மையாகவே கவலைப்பட்டு, உப்பைக் குறைக்கச் சொல்லியனுப்பினார். தன் விசாவை நீட்டிக்க விண்ணப்பம் போட வேண்டும் என்று ஒரு நாள் கூச்சத்தோடு சொன்னார். அதையும் அக்காதான் நிரப்பிக் கொடுத்தாள். அவரும் பிழைக்க வந்தவர்தானே. கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"உங்க தம்பி அடிப்பாராமே," என்று ஒரு நாள் பூனைப் பாலை நெருங்குகிற சமயத்தில் அக்கா கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் ஒன்றும் கவனித்ததாகத் தெரியவில்லை. "நல்லவன்தான்க்கா. கை கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். அம்மா சாப்பிடாம கிடக்கறா. குழந்தையக் கொண்டுபோய் விட்டுட்டேன்னா என் கடமை முடிஞ்சுது."

"அந்தப் பொண்ணு?"

"வந்தா வரட்டும்." தொப்பியை மடிமேல் திருப்பித் திருப்பி வைத்தார். "வரலைன்னா தைக்கட்டும்."

நாற்காலிக் கால்கள் முடிந்தன. மறுநாள் மத்தியானம் வெயில் நேராகக் கண்ணாடியில் விழுந்தது. அந்த வரி அக்காவின் கண்ணுக்கு முன்னால் இருந்தது. தொப்பிக்காரர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காதைக் கொடுத்தார். அன்றைக்குத் தொண்டை வலி என்று சொல்லலாம் என்று பார்த்தாள். அவர் மிட்டாயை நீட்டினார். மயக்கம் என்று சொல்லலாம் என்று பார்த்தாள். முக்காலியிலிருந்து எழுந்து இடம் கொடுத்தார்.

சங்கத்துக்கு வந்த நாளிலிருந்து அக்கா ஒரு தாளைக்கூட மாற்றிப் படித்ததில்லை. நாடு கடத்துகிறோம் என்று எழுதியிருந்தால் நாடு கடத்துகிறோம் என்றுதான் படிப்பாள். அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடியும் அதையேதான் படிப்பாள். இன்றைக்கு மாற்றிப் படிப்பது என்று முடிவு செய்தாள். மூடினால் மூடட்டும். மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"தங்குமிடம்: மீன் சந்தைக்குப் பின்னால, பச்சை கேட்டு, மணி அடிச்சா திறப்பாங்க."

பதற்றத்தில் வேறு விலாசம் எதுவும் நாக்குக்கு வரவில்லை. எந்த விலாசமாக இருந்தால் என்ன, அந்த மாடி அறையாக இல்லாமலிருந்தால் சரி. தொப்பிக்காரர் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. அவளுக்கு நன்றி சொன்னார், முக்காலியைச் சங்கத்துக்கே வைத்துக்கொள்ளச் சொன்னார், தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

அவர் மூலை திரும்பியதும் அக்கா எதிர்ப்பக்கமாக ஓடினாள். அந்த வயதில் ஓடக் கூடாத ஓட்டம். தெருவிலிருந்த புறாக்கள் பறக்காமல் நின்று பார்த்தன. கொஞ்ச நேரம்தான் கிடைத்திருக்கிறது, அதற்குள் தையல்காரியை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும், கணவரைக் கூடத்தில் படுக்கச் சொல்லிக்கொள்ளலாம், இதையெல்லாம் எங்கேயும் ஒட்டப்போவதில்லை என்று ஓடிக்கொண்டே தீர்மானித்தாள். அவ்வளவு லேசாக அவள் மனசு இருந்து எத்தனையோ காலமாகிவிட்டது.

மாடி அறையின் கதவு திறந்து கிடந்தது. மெஷின் இருந்த இடத்தில் நாலு பள்ளம். தரையில் நூல்துண்டுகள்.

சலவைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் படியேறி வந்தார். காலையில்தான் போனாள் என்றார். ஏன் என்று அக்கா கேட்டாள்.

"நீங்கதானேம்மா பாஷை கத்துக்கச் சொன்னீங்க. உங்க கண்ணாடியிலதான் கத்துக்கிட்டா. வெள்ளையடிக்கறதுக்கு முன்னால தினம் வந்து நிப்பா. பாத்து எழுதிக்கிட்டு வந்து என்கிட்ட அர்த்தம் கேப்பா. நாற்காலி, கால், ஆட்டம், எல்லாம் நல்லாத்தான் போயிக்கிட்டு இருந்துச்சு. இன்னிக்குக் காலையில எழுதிவெச்சதுல கடைசி வரி. பாத்தா என் கடை."

அக்கா தரையில் கிடந்த ஒரு நூல்துண்டை எடுத்தாள்.

"பொதுமக்கள்னா யாருன்னு கேட்டா. எல்லாரும்தான்னேன். என் புருஷன் வீட்டுக்காரங்களுமான்னு கேட்டா." அவர் கையிலிருந்த கஞ்சியைத் துடைத்துக்கொண்டார். "அவங்களும் மக்கள்தானேம்மா. நான் என்னன்னு சொல்றது."

ஆய்வாளர் படிக்காததை, ஊர் படிக்காததை, எழுதிய அக்காவே இரண்டாம் முறை படிக்காததை, எழுத்துக் கூட்டிக் கூட்டி முதல் தாளிலிருந்து முழுவதும் படித்த ஒரே ஆள் அவள்தான்.

"எங்க போறேன்னு சொன்னாளா?"

"பயப்படாதீங்க. நீங்க சொல்லிக் கொடுத்த இடத்துக்குத்தான். வந்த முதல் வாரமே மனப்பாடமாம். மீன் சந்தைக்குப் பின்னால..."

மிச்சத்தைச் சொல்ல அவருக்கு ஆள் இல்லை. அக்கா படியில் பாதி இறங்கியிருந்தாள்.

பச்சை கேட்டு சாத்தியிருந்தது. மணியை அடித்தாள். திறந்தார்கள். காவல் பெண்மணி இடுப்பில் சாவிக்கொத்தோடு நின்றாள். ஆமாம், மெஷினோடு ஒரு பொண்ணு வந்தாள், இப்போதுதான் போனார்கள் என்றாள். அவள் புருஷனுடைய அண்ணன் வந்திருந்தாராம். ரொம்ப மரியாதையான ஆள், தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார் என்றாள்.

"குழந்தை அழுததா?"

"இல்லையே. பெரியப்பான்னு ஓடிவந்து கால கட்டிக்கிச்சு. அந்தப் பொண்ணுதான் கொஞ்ச நேரம் செவுத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அப்புறம் அவளும் கிளம்பிட்டா. குழந்தைய விட்டுட்டு இருந்துடுவாளா என்ன. மெஷின் கனம்னு பாவம் அவரே தூக்கிக்கிட்டாரு."

எந்தப் பக்கம் போனார்கள் என்று அக்கா கேட்டாள். காவல் பெண்மணி கையைக் காட்டினாள். அங்கே மீன் சந்தை முடிந்து கழுவிவிட்டிருந்தார்கள். தெரு காலியாக, ஈரமாகக் கிடந்தது. அன்றைக்கும் அடுத்த நாட்களிலும் அக்கா போலீசுக்குப் போனாள், குடியேற்ற அலுவலகத்துக்குப் போனாள், ரயில் நிலையத்துக்குப் போனாள். சொல்லாமல் ஊரை விட்டுப் போனதால் தையல்காரியின் மனு தள்ளுபடியானது என்று கடிதம் வந்தது. அதைப் படித்துச் சொல்ல எதிரில் யாரும் இல்லை. பழக்கத்தில் சத்தமாகவே படித்தாள்.

மாற்றிப் படித்ததை அவளே ஆய்வாளரிடம் சொன்னாள். மூடுங்கள் என்றும் சொன்னாள். அவர் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். தவறை ஒப்புக்கொண்டு பார்வைக்கு வைத்தால் மூட வேண்டியதில்லை என்று இருந்தது. ஆகவே ஒரு தாளில் எழுதி ஒட்டினாள்: செயலாளர் ஒரு முறை தாளில் இல்லாததைப் படித்தார். எச்சில் தொட்டுத்தான் ஒட்டினாள். ஆய்வாளர் அளந்துகொண்டு போனார். அதை யாரும் படிக்கவில்லை. சாவித் துவாரத்தில் இருந்த இலை அந்த வாரம் பழுத்து விழுந்தது. புதிதாக வந்தவர்கள் கதவைக் கண்டுபிடிக்க முடியாமல் தெருவோடு தடவிக்கொண்டு போனார்கள். கண்டுபிடித்து உள்ளே வந்த ஓரிருவர் படுக்க இடம் கேட்பார்கள். அக்கா வாயைத் திறப்பாள். பிறகு மூடிக்கொண்டு, முக்காலியைக் காட்டி உட்காரச் சொல்வாள்.

சத்தியம் செய்தது செய்ததுதான், ஆனால் அந்தச் சங்கத்தின் அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்தே நிலத்தடியில் இருக்கிறது. அதற்கு ஜன்னல் கிடையாது.